என் பேருக்காரி

ஏப்ரல் பிறந்துவிட்டால் எங்கள் சப் போஸ்ட் ஆபீசுக்குக் கிளை அஞ்சலகங்களிலிருந்து பாஸ்புக்குகள் கட்டுக்கட்டாக வந்து இறங்கும். எல்லாம் வட்டி போடுவதற்கு. மார்ச் 31-ஓடு நிதியாண்டு முடியும். அந்த ஆண்டின் வட்டியைச் சேமிப்புக் கணக்குகளில் ஏற்றி, பாஸ்புக்கிலும் எழுதி, முத்திரை குத்தித் திருப்பி அனுப்ப வேண்டும். எங்களுக்குக் கீழே ஏழு கிளைகள் இருந்தன. ஒவ்வொரு கிளையிலிருந்தும் தினமும் ஒரு பை வரும். பைக்குள் கடிதங்கள், பணம், அன்றைய கணக்குத் தாள், எல்லாவற்றுக்கும் அடியில் சணல் போட்டுக் கட்டின பாஸ்புக்குகள்.

2006 ஏப்ரலில் அப்படி வந்த ஒரு கட்டைப் பிரித்தேன். மேலே இருந்த பாஸ்புக்கில் என் பெயர் இருந்தது.

முழுப் பெயர், இனிஷியலோடு. எஸ். பேச்சியம்மாள். ஆங்கிலத்தில் எழுதியிருந்த விதம்கூட என் சான்றிதழ்களில் இருப்பதுதான். 'ச்' ஒலிக்கு முன்னால் தேவையில்லாமல் ஒரு 'டி' சேர்த்திருக்கும். திருநெல்வேலிப் பக்கத்துப் பள்ளிக்கூடங்களில் பேச்சியை அப்படித்தான் எழுதுவார்கள். என்னுடைய பாஸ்புக்தான் எப்படியோ இந்தக் கட்டில் கலந்துவிட்டது என்று ஒரு நொடி நினைத்தேன். மேசை டிராயரைத் திறந்து பார்த்தேன். என்னுடையது பத்திரமாக அங்கேயே இருந்தது.

கையில் இருந்தது வேறு ஒருவருடையது. அட்டை கழன்று போய், முதுகுப் பக்கத்தை நூலால் தைத்திருந்தார்கள். துணி தைக்கிற நூல் இல்லை, பீடி கட்டுகிற நூல். ரோஸ் நிறத்தில், மயிரிழை மாதிரி மெல்லிசாக இருக்கும். அதை எட்டாகவோ பத்தாகவோ மடித்து, முறுக்கி, ஊசியில் கோர்த்து, சீரான இடைவெளியில் தையல் போட்டிருந்தது. பக்கங்களைப் புரட்டினால் புகையிலைத் தூள் வாடை அடித்தது. நடு மடிப்பில் உண்மையிலேயே கொஞ்சம் தூள் உட்கார்ந்திருந்தது. விரலால் தட்டிவிட்டேன். என் மேசைக் கண்ணாடியில் பழுப்பாக விழுந்தது.

*

இந்தப் பெயர் எனக்கு அப்பாவைப் பெற்ற ஆச்சியிடமிருந்து வந்தது. பெயரன்தான் பேரன் ஆனான், பெயர்த்திதான் பேத்தி ஆனாள் என்பார்கள். பெரியவர்களின் பெயரை ஏற்றுக் கொண்டு நடக்கிறவர்கள். ஆனால் எங்கள் வீட்டில் அந்தப் பெயரைச் சொல்லி என்னை யாரும் கூப்பிட்டதில்லை. மாமியார் பெயரை மருமகள் வாயால் சொல்லக் கூடாது என்பது அப்போது வழக்கம். அம்மா எனக்கு 'ராணி' என்று ஒரு கூப்பிடு பெயர் வைத்துக்கொண்டார். தெருவும் ராணி என்றது, வாக்கப்பட்டுப் போன வீடும் ராணி என்றது. பேச்சியம்மாள் என்று என்னை அழைத்தவை பள்ளிக்கூடத்து வருகைப் பதிவேடும், அப்புறம் இந்த வேலையும்தான்.

வேலையில் சேர்ந்த புதிதில் மதுரை அஞ்சல் பயிற்சி மையத்தில் இருந்தபோது, பல ஊர்களிலிருந்து வந்த பெண்கள் என் பெயரைக் கேட்டுவிட்டு, "என்ன பேரு?" என்று இரண்டாம் தரம் கேட்டார்கள். "ரொம்பப் பேசுவியா?" என்றாள் ஒருத்தி. அவள் கெட்ட எண்ணத்தில் கேட்கவில்லை. சுடலைமாடன் கோயிலில் பக்கத்துப் பீடத்தில் நிற்கிற அம்மன் பேச்சி என்றோ, பிள்ளைத்தாய்ச்சிகள் சுகப்பிரசவத்துக்கு அவளைத்தான் கும்பிடுவார்கள் என்றோ அவளுக்கு எப்படித் தெரியும்? நானும் விளக்கவில்லை. "ராணின்னே கூப்பிடுங்க" என்று சொல்லிவிட்டேன். அந்தப் பதில் பல வருஷம் எனக்குள் உறுத்திக்கொண்டே இருந்தது. ஆச்சியை வாசலிலேயே நிறுத்திவிட்டு நான் மட்டும் உள்ளே போனது போல இருந்தது.

எங்கள் பக்கம் பேச்சியம்மாளுக்குப் பஞ்சமில்லை. குலசாமி பெயரை வைப்பதால் ஒரே குடும்பத்தில் பெரிய பேச்சி, சின்னப் பேச்சி என்று இருப்பார்கள். கவுண்டரிலிருந்து "பேச்சியம்மா" என்று குரல் கொடுத்தால் மூன்று பேர் எழுந்து வருவார்கள். ஆனால் இனிஷியலும், அந்த அதிகப்படி 'டி'யும் சேர்ந்து ஒத்துப்போனதை அன்றைக்குத்தான் முதலில் பார்த்தேன். எனக்கு அப்பா பெயரின் 'எஸ்'. அவருக்குக் கணவர் பெயரின் 'எஸ்' என்று பின்னால் தெரிந்தது.

பெயர் ஒன்றாக இருப்பது தபால்காரர்களுக்குப் பழைய தொல்லை. ஆட்களிடம் மட்டுமில்லை, ஊர்களிடமும் இது உண்டு. இப்போது தென்காசி மாவட்டத்தில் இருக்கிற ஆலங்குளம் ஒன்று. விருதுநகர் மாவட்டத்தில் சிமெண்ட் ஆலை இருக்கிற ஆலங்குளம் இன்னொன்று. வெறும் ஆலங்குளம் என்று எழுதிப் போட்டால் கடிதம் எந்தப் பையில் ஏறும்? இந்த மாதிரிக் குழப்பங்களைத் தீர்க்கத்தான் 1972 ஆகஸ்ட் 15 அன்று பின்கோடு வந்தது. ஸ்ரீராம் பிகாஜி வேலண்கர் என்ற அதிகாரி கொண்டுவந்த முறை. சமஸ்கிருதத்தில் கவிதை எழுதியவர் அவர். நாடு முழுக்க ஒரே பெயரில் இருந்த ஊர்களை ஆறு இலக்கம் பிரித்துக் காட்டியது. ஆனால் ஒரே ஊரில் ஒரே பெயரில் இருக்கிற ஆட்களைப் பிரித்தறிய த/பெ, க/பெ, தெருப் பெயர், அதற்கும் மேல் போஸ்ட்மேனின் ஞாபகம், இவ்வளவுதான் வழி. "மேலத் தெரு பேச்சியம்மாளா? அந்தம்மாவுக்குக் கடுதாசி போட ஆளில்லையே, இது கீழத் தெருவுக்கு" என்று உறையைப் பார்த்த உடனே சொல்கிற போஸ்ட்மேன்களோடு நான் வேலை பார்த்திருக்கிறேன்.

*

அந்தப் பாஸ்புக்கை நான் தேவைக்கு மேல் வாசித்தேன். அது சரியா என்று அப்போதே யோசனை வந்தது. கவுண்டருக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்திருப்பவர்கள் பார்ப்பதை வெளியே சொல்லக் கூடாது, அது எங்களுக்கு முதல் பாடம். நான் யாரிடமும் சொல்லவில்லை. ஆனால் வாசித்தேன். மற்ற பாஸ்புக்குகளில் கடைசி இருப்பைப் பார்ப்பேன், வட்டியை எழுதுவேன், அடுத்ததை எடுப்பேன். இதில் மட்டும் முதல் பக்கத்திலிருந்து வந்தேன்.

ஐம்பது, நூறு, நூறு, ஐம்பது. அபூர்வமாக இருநூறு. ஜூன் முதல் வாரத்தில் அறுநூறு எடுத்திருக்கும். பள்ளிக்கூடம் திறக்கிற நேரம். ஆடி மாதக் கடைசியில் முந்நூறு எடுத்திருக்கும். ஊர்க் கோயில் கொடைத் திருவிழாவாக இருக்கும். 2004-ல் ஒரே தடவையில் இரண்டாயிரம் எடுத்து, அதன் பிறகு நாலு மாதம் ஒரு வரியும் இல்லை. ஐந்தாம் மாதம் மறுபடி ஐம்பதில் ஆரம்பித்திருந்தார். அந்த நாலு மாத வெற்றிடத்தை ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். வீட்டில் யாருக்கு என்ன ஆயிற்று? யார் கேட்பது, யாரிடம் கேட்பது?

வட்டியைக் கணக்குப் போடும்போது ஒன்றைக் கவனித்தேன். தபால் ஆபீஸ் சேமிப்புக் கணக்கில் ஒவ்வொரு மாதமும் 10-ஆம் தேதியிலிருந்து மாதக் கடைசி வரை இருக்கிற குறைந்தபட்ச இருப்புக்குத்தான் அந்த மாத வட்டி. 10-ஆம் தேதி தாண்டிப் போட்ட பணத்துக்கு அந்த மாதம் வட்டி கிடையாது. இவர் போட்டதெல்லாம் 12, 13, 17 என்றே இருந்தது. பீடிக் கூலி வாராவாரம் வரும். முதல் வாரக் கூலியில் போட்டால் வட்டி உண்டு, இரண்டாம் வாரக் கூலியில் போட்டால் கிடையாது. அது அவருக்குத் தெரியவில்லை. அப்போது வட்டி மூன்றரை சதவீதம். நூறு ரூபாய்க்கு மாதம் இருபத்தொன்பது பைசா. சில்லறைதான். ஆனால் இலையை வெட்டி, தூளை வைத்துச் சுருட்டி, முனை மடக்கி, நூல் கட்டி எண்ணிக் கொடுக்கிற ஒருவர், ஒரு பீடி உதிர்ந்தாலும் கணக்கில் கழிக்கப்படுகிற தொழிலில் இருக்கிறவர், அந்த இருபத்தொன்பது பைசாவை ஏன் விட வேண்டும்?

ஒரு துண்டுத் தாள் எடுத்து எழுதினேன். "அம்மா, ஒவ்வொரு மாதமும் 10-ஆம் தேதிக்குள் பணம் கட்டினால் அந்த மாதத்துக்கும் வட்டி கிடைக்கும்." கீழே யார் எழுதியது என்று போட வேண்டும் அல்லவா? ராணி என்று எழுதப் போன கை நின்றது. பேச்சியம்மாள், போஸ்ட் ஆபீஸ் என்று எழுதினேன். வேலைக்காக ஆயிரம் தடவை கையெழுத்துப் போட்ட பெயர்தான். நானாக விரும்பி எழுதியது அன்றைக்குத்தான். தாளை பாஸ்புக்குக்குள் வைத்து, சணல் போட்டுக் கட்டி, பையில் போட்டேன்.

அந்தக் கிளையின் போஸ்ட் மாஸ்டரை நாங்கள் அண்ணாச்சி என்றுதான் கூப்பிடுவோம். பணம் வாங்கவோ தபால் தலை வாங்கவோ எப்போதாவது நேரில் வருவார். அடுத்த தடவை வந்தபோது சிரித்துக்கொண்டே கவுண்டர் பக்கம் வந்தார்.

"மேடம், ஒங்க பேருக்காரி ஒங்கள விசாரிச்சா."

"யாரு அண்ணாச்சி?"

"அதான், பேச்சியம்மா. பீடி சுத்துதாள்லா. ஒங்க சீட்ட என்னைய வாசிக்கச் சொன்னா. வாசிச்சேன். கடைசியில பேச்சியம்மாள்னு வாசிச்சதும், 'யாரு, நானா?'ன்னு கேக்கா. 'இல்லட்டி, ஆபீஸ்ல இருக்க மேடத்துக்கும் அதான் பேரு'ன்னேன். 'அப்படியா, ஆபீஸ்லயும் இருக்கமா நாம'ன்னா."

அந்தக் கடைசி வார்த்தையை அண்ணாச்சி சாதாரணமாகத்தான் சொன்னார். எனக்குச் சாதாரணமாக இல்லை. ஆபீசிலும் நாம் இருக்கிறோம். ஆச்சி எழுதப் படிக்கத் தெரியாதவள். முதியோர் பணம் மணியார்டரில் வந்தால் பெருவிரலில் மை தடவி உருட்டுவாள். அவளும் அந்த 'நாம'வில் இருந்தாள்.

மறு ஏப்ரலில் அதே பாஸ்புக் வந்தது. அவசரமாகத் திறந்தேன். 8, 9, 7, 10, 9. பன்னிரண்டு மாதத்தில் பத்து மாதம் 10-ஆம் தேதிக்குள் விழுந்திருந்தது.

அதற்கு முன்னால் தை மாதத்தில் ஒரு கட்டுப் பனங்கிழங்கு வந்திருந்தது. பொங்கல் முடிந்த மறுநாள் அண்ணாச்சி சைக்கிளில் கொண்டு வந்தார். "ஒங்க பேருக்காரி குடுத்து விட்டா." பொதுமக்களிடமிருந்து எதையும் வாங்கக் கூடாது என்பது விதி. எனக்குத் தெரியும். வாங்கிக்கொண்டேன். அவித்து, நாரை உரித்து, ஆபீசில் இருந்த ஆறு பேரும் பங்கு போட்டுத் தின்றோம். அதற்குப் பிறகு ஒவ்வொரு தையிலும் அது வந்தது. பதிலுக்கு நான் அனுப்பியது அந்தத் துண்டுத் தாள்கள்தான். 2011 டிசம்பரில் வட்டி நாலு சதவீதம் ஆனபோது அதை எழுதி அனுப்பினேன். பாஸ்புக்கில் வாரிசு நியமனம் இல்லை என்று பார்த்ததும், "மகள்மாரில் யார் பெயரையாவது நாமினேஷன் போடுங்கள், அண்ணாச்சியிடம் படிவம் இருக்கிறது" என்று எழுதினேன். மூத்த மகள் பெயரைப் போட்டார்.

பள்ளிக்கூடத்தில் எங்கள் தமிழம்மா நடத்திய ஒரு பாடல் அந்த நாட்களில் அடிக்கடி நினைவுக்கு வந்தது. கோப்பெருஞ்சோழனும் பிசிராந்தையாரும் பார்க்காமலே நண்பர்களாக இருந்தது எல்லோருக்கும் தெரிந்த கதை. புறநானூற்றில் சோழனே பாடிய 216-ஆம் பாட்டில் ஒரு இடம் வரும். என் நண்பன் தன் பெயரைச் சொல்ல வேண்டி வந்தால், தன் பெயரைச் சொல்ல மாட்டான், என் பெயர் சோழன் என்பான், அவ்வளவு உரிமை உள்ளவன் என்று சோழன் சொல்வான். பாண்டிய நாட்டில் ஏதோ ஒரு ஊரில் இருக்கிற புலவர், முகம் பார்க்காத ஒருவனின் பெயரைத் தன் பெயராகச் சொல்லிக்கொண்டு திரிந்திருக்கிறார். எங்களுக்கு அந்தச் சிரமம் இல்லை. பெயரை யாரும் யாருக்கும் கொடுக்க வேண்டியிருக்கவில்லை.

போய்ப் பார்த்திருக்கலாம். பதினான்கு கிலோமீட்டர்தான். அவரால் வர முடியாததற்குக் காரணம் இருந்தது. ஒரு நாள் பஸ் ஏறினால் அன்றைய பீடி போச்சு, மறுநாள் ராத்திரி கண் விழித்துச் சுற்ற வேண்டும். நான் போகாததற்கு அப்படி ஒன்றும் இல்லை. ஞாயிற்றுக்கிழமைகள் இருந்தன. அடுத்த மாதம், கொடைக்கு, பொங்கலுக்கு என்று தள்ளிக்கொண்டே போனேன். மனதுக்குள் அவருக்கு ஒரு முகம் ஏற்கெனவே இருந்தது. அது கலைந்துவிடுமோ என்றும் ஒரு தயக்கம்.

*

2015-ல் எங்கள் ஆபீஸ் கோர் பேங்கிங்கிற்கு, அதாவது எல்லா ஆபீஸ் கணக்குகளும் ஒரே கணினி வலையில் இருக்கிற முறைக்கு, மாறியது. பழைய எண்கள் போய் எல்லாக் கணக்குக்கும் பத்து இலக்க எண் வந்தது. எண் கையில் இல்லாவிட்டால் பெயர் போட்டுத் தேடலாம். எங்கள் ஆபீசுக்குள் என் பெயரை அடித்தால் திரையில் இரண்டு வரி வரும். ஒன்று அவருடைய கணக்கு, அடுத்தது என் கணக்கு. முதல் தடவை பார்த்தபோது சந்தோஷமாக இருந்தது. ஒரே திண்ணையில் உட்கார்ந்திருப்பது போல.

அந்த இரண்டு வரியால்தான் 2016 நவம்பரில் நான் தூங்காமல் கிடந்தேன்.

ஐந்நூறு, ஆயிரம் செல்லாது என்று 8-ஆம் தேதி ராத்திரி அறிவித்தார்கள். 10-ஆம் தேதி காலையில் வங்கிகளில் நின்ற கூட்டம் தபால் ஆபீஸ்களிலும் நின்றது. பழைய நோட்டை மாற்றிக் கொடுக்க வேண்டும், கணக்கில் போடுகிறவர்களுக்கு வரவு வைக்க வேண்டும், ஒவ்வொரு நோட்டையும் எண்ணிப் பிரித்துப் பட்டியல் போட வேண்டும். ராத்திரி ஒன்பது மணிக்கு முன்னால் ஒருநாளும் வீட்டுக்குப் போனதில்லை. கிளைகளிலிருந்து வந்த பைகள் அதுவரை பார்த்திராத கனத்தில் வந்தன. வீட்டுக்காரருக்குத் தெரியாமல் அரிசிப் பானையிலும் சாமி படத்துக்குப் பின்னாலும் பெண்கள் ஒளித்து வைத்திருந்த சிறுவாட்டுப் பணமெல்லாம் ஒரே வாரத்தில் வெளியே வந்துவிட்டது. அந்த நோட்டுகளை எண்ணும்போது எனக்குக் கஷ்டமாக இருந்தது. நான்காக எட்டாக மடித்து, மடிப்பிலேயே கிழியப் போகிற நோட்டுகள். ஒவ்வொன்றும் ஒரு பெண் தன் வீட்டில் தனக்கென்று வைத்திருந்த ஒரே ஒரு ரகசியம்.

மூன்றாவது வாரத்தில் அண்ணாச்சியின் பையில் பதினான்கு ஐந்நூறு ரூபாய் நோட்டு வந்தது. ஏழாயிரம். புகையிலை வாடை. பட்டியலைப் பார்க்காமலே யாருடையது என்று தெரிந்துவிட்டது.

அன்று ராத்திரி எட்டரை மணிக்கு அதை வரவு வைத்தேன். எண்ணை அடிக்காமல் பெயரை அடித்தேன். இரண்டு வரி வந்தது. ஒன்றைத் தொட்டேன். முடித்துவிட்டு அடுத்த கிளையை எடுத்தேன்.

காலையில் ஜர்னலை ஒப்பிடும்போது கணக்கு உதைத்தது. அண்ணாச்சி எழுதியிருந்த இருப்பைவிட கணினியில் ஏழாயிரம் குறைவு. எங்கே போயிருக்கும் என்று ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு வந்து, கடைசியாக என் சொந்தக் கணக்கைத் திறந்தேன். அங்கே இருந்தது. கை கால் ஓடவில்லை. கவுண்டரில் உட்கார்ந்திருக்கிற ஊழியரின் சொந்தக் கணக்கில் வாடிக்கையாளர் பணம் விழுந்திருக்கிறது. இதைக் காகிதத்தில் வாசிக்கிற யாரும் பெயர் ஒற்றுமையை நம்புவார்களா? அதுவும் பழைய நோட்டு விஷயத்தில் நாடே சந்தேகக் கண்ணோடு இருந்த மாதம்.

நேரே எங்கள் ஆபீஸ் போஸ்ட் மாஸ்டரிடம் போய்ச் சொன்னேன். அவர் திரையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "உக்காந்து எழுதிக் குடும்மா, இப்பவே. மத்ததை அப்புறம் பாக்கலாம்" என்றார். அரை மணி நேரத்தில் பணம் சரியான கணக்குக்குப் போய்விட்டது. மேலிடத்திலிருந்து விளக்கம் கேட்டு மெமோ வந்தது. காரணம் என்ற இடத்தில், கணக்குதாரர் பெயரும் என் பெயரும் ஒன்றாக இருந்ததாலும் என் கவனக் குறைவாலும் என்று எழுதினேன். எச்சரிக்கையோடு முடிந்தது. அன்றிலிருந்து பெயர் போட்டுத் தேடுவதை விட்டேன். யாருடைய கணக்காக இருந்தாலும் பத்து இலக்கத்தையும் வாய்விட்டு ஒரு தரம் படித்துவிட்டுத்தான் அடிப்பேன்.

ஆனால் இது அவருக்குத் தெரிய வேண்டும் என்று எனக்குப் பட்டது. அவர் பணம் ஒரு ராத்திரி முழுக்க என் கணக்கில் இருந்திருக்கிறது. அண்ணாச்சியிடம் விவரமாகச் சொல்லி, மன்னிக்கச் சொல்லிக் கேட்கச் சொன்னேன். இரண்டு நாள் கழித்துப் போன் பண்ணினார்.

"சொன்னேன் மேடம். 'எம் பேருலதான விழுந்துருக்கு, வேற எங்கயும் போவலியே. அதுக்கு ஏன் அந்தப் பிள்ள அழுது?'ன்னு கேக்கா."

நான் அழுததை அண்ணாச்சியிடம் சொல்லவில்லை. குரலில் தெரிந்திருக்க வேண்டும்.

*

2019 அக்டோபரில் ஒரு நாள் மத்தியானம் அண்ணாச்சி ஒரு பெண்ணைக் கூட்டிக்கொண்டு வந்தார். முப்பது வயதுக்குள்தான் இருக்கும். கையில் மஞ்சள் பை. அண்ணாச்சி ஒன்றும் சொல்லாமல் நின்றார். அந்தப் பெண் பையிலிருந்து எடுத்துக் கவுண்டர் இடுக்கு வழியாகத் தள்ளினாள். ரோஸ் நூல் தைத்த பாஸ்புக். அதற்குள் இறப்புச் சான்றிதழ்.

மூச்சு முட்டல் என்றாள். வருஷக்கணக்காகவே இருந்ததாம். சுற்றும்போது முகத்தில் துணி கட்டச் சொன்னால், கண்ணுக்கும் கைக்கும் ஓட்டம் வரவில்லை என்று அவிழ்த்துவிடுவாராம்.

சான்றிதழில் 'பேச்சி' என்று இருந்தது. பாஸ்புக்கில் பேச்சியம்மாள். இந்த மாதிரி வந்தால் நாங்கள் பணம் கொடுக்க முடியாது. இரண்டும் ஒரே ஆள் என்பதற்கு ஒரு தாள் வேண்டும். அண்ணாச்சிக்குத் தெரியும், கையோடு வாங்கி வந்திருந்தார். பேச்சி என்பதும் பேச்சியம்மாள் என்பதும் ஒருவரையே குறிக்கும் என்று கிராம நிர்வாக அலுவலர் எழுதி முத்திரை போட்டிருந்தார். அந்த ஒரு வரியை நான் திரும்பத் திரும்பப் படித்துக்கொண்டிருந்தேன். "ஏதும் குறையுதா மேடம்?" என்று அண்ணாச்சி கேட்ட பிறகுதான் நிமிர்ந்தேன். குறையவில்லை என்றேன்.

கிளெய்ம் படிவத்தை நானே நிரப்பினேன். இறந்த கணக்குதாரர் பெயர் என்ற கட்டம் இரண்டாவதாகவோ மூன்றாவதாகவோ வரும். எத்தனையோ பேருக்கு நிரப்பியிருக்கிறேன். அதில் என் பெயரை எழுதினேன். கை நடுங்கியது என்று சொன்னால் பொய். கை பழக்கத்தில் எழுதிவிட்டது. எழுதி முடித்த பிறகு அந்தக் கட்டத்தைப் பார்க்கத்தான் முடியவில்லை. ஆச்சி செத்தபோது எனக்கு ஒன்பது வயது. அவள் பெயரை எந்தத் தாளிலும் யாரும் எழுதினதாக ஞாபகம் இல்லை.

அந்தப் பெண் என் கவுண்டரில் இருந்த பெயர்ப் பலகையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நீங்கதானா அது? பனங்கெழங்கு தோண்டுனா மொதக் கட்ட ஆபீஸ்ல இருக்க பேச்சிக்குன்னு எடுத்து வச்சுட்டுத்தான் எங்களுக்கே தருவா."

அம்மாவைப் பார்க்கிறீர்களா என்று கேட்டு, போனைத் தட்டிப் படத்தை எடுத்துக் காட்டினாள். வாசல் திண்ணையில், மடியில் சொளகு, சொளகில் இலையும் தூளும். தலை நிமிர்ந்து கேமராவைப் பார்க்கிறார். ஒடிசலான முகம், கண்ணாடி, மூக்கில் கல் இல்லாத மூக்குத்தி. நெற்றியில் ஒரு தழும்பு.

பதின்மூன்று வருஷமாக நான் மனதில் வைத்திருந்தது இந்த முகம் இல்லை. அது ஆச்சியின் முகம். உருண்டை முகம், பாம்படம் தொங்குகிற காது. அதைத்தான் இந்தப் பாஸ்புக்குக்குப் பின்னால் வைத்துப் பார்த்திருக்கிறேன். படத்தில் இருந்தவர் எனக்கு முற்றிலும் அந்நியர். வயதும் நான் நினைத்ததைவிடக் குறைவு, என்னைவிடப் பத்து வருஷம் மூத்தவராக இருந்தால் அதிகம். 'அந்தப் பிள்ள' என்று என்னைச் சொன்னவர். போனைத் திருப்பிக் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை. ஆச்சி முகத்தை அதிலிருந்து விலக்கிவிட்டு, இவரை இவராகப் பார்த்துக்கொள்ளக் கொஞ்ச நேரம் வேண்டியிருந்தது.

"ஒனக்குப் பிள்ளைங்க இருக்காம்மா?"

"ஒரு பொண்ணு. ரெண்டு வயசு." பெயரைச் சொன்னாள். இரண்டெழுத்தில் புதுப் பெயர். பிறகு அவளாகவே, "அம்மா பேர வைக்கணும்னுதான் இருந்துச்சு. ஸ்கூல்ல பிள்ளைங்க சிரிக்கும்னு அவங்க வேண்டாம்னுட்டாங்க" என்றாள். சொன்ன பிறகுதான் யாரிடம் சொல்கிறோம் என்பது உறைத்திருக்க வேண்டும். முகம் மாறியது. "நல்ல பேருதாம்மா, வச்சிருக்கலாம்" என்றாள் மெதுவாக. நான் அவள் கையைத் தொட்டேன். என் மகளுக்கும் நான் அந்தப் பெயரை வைக்கவில்லை.

வட்டியும் சேர்த்து இருபத்து மூவாயிரத்துச் சொச்சம் வந்தது. எண்ணிக் கொடுத்தேன். அவள் எண்ணாமல் பையில் வைக்கப் போனாள். எண்ணச் சொன்னேன். அங்கேயே நின்று இரண்டு தரம் எண்ணினாள், உதட்டை அசைத்துக்கொண்டு, பீடி எண்ணுகிறவர்கள் எண்ணுகிற வேகத்தில்.

கணக்கை முடித்தால் பாஸ்புக் வவுச்சரோடு தலைமை அஞ்சலகத்துக்குப் போய்விடும். அவர்கள் போன பிறகு அதைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். தையல் எங்கும் விடவில்லை. வவுச்சரோடு சேர்த்துப் பின் அடிக்கும்போது நூல் மேல் படாமல் ஓரமாக அடித்தேன்.

மறுநாள் பதினோரு மணிக்குத் தலைமை அஞ்சலகத்திலிருந்து போன் வந்தது. புதிதாக வந்த பையன், கிளெய்ம்களைச் சரிபார்க்கிற சீட்டில் இருக்கிறவன்.

"மேடம், நேத்து வந்த கிளெய்ம்ல ஒரு சந்தேகம். தயார் செஞ்சவங்கன்னு கீழ உங்க பேரு இருக்கு, சரி. மேல இறந்தவங்க பேரு வர்ற இடத்துலயும் உங்க பேரே இருக்கு. மாத்தி எழுதிட்டீங்களா?"

"இல்ல தம்பி" என்றேன். "அது அவங்க பேருதான்."